துருப்பிடிக்காத திருகு

காலை வெயில் வாசல் வழியே தையல் மிஷின் வரைக்கும் விழுகிறது. நான்கு மாத வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் பூட்டு மாற்ற ஆளோடு வந்து நிற்கிறார். தையற்காரி தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். அவளைச் சுற்றி, தைத்து மடித்த நர்ஸ் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன. “வெள்ளிக்கிழமை இதுங்களக் குடுத்தா காசு வந்துடும்ணே.” வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தே பேசுகிறார். “போன மாசமும் இதத்தானேம்மா சொன்னே? எந்திரி.” கதவுப் பூட்டின் இரண்டு திருகுகள் ஏற்கெனவே கழன்று தரையில் கிடக்கின்றன. மூன்றாவது லேசாகச் சுழன்று வெளியே வருவதை அவள் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பூட்டுக்காரரும் அவளைப் பார்க்கிறார். அவருடைய கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு திருகை எதிர்ப்பக்கமாகத் திருப்பி இறுக்குகிறது. “துருப்பிடிச்சுக் கெடக்கு சார். டிரில் இல்லாம கழலாது. சனிக்கிழமைதான் வர முடியும்.” வீட்டுக்காரர் குனிகிறார். பூட்டுக்காரரின் உள்ளங்கை திருகை மூடியிருக்கிறது. “சரி, சனிக்கிழமை காலைலயே வந்துடு” என்று உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்காரர் படியிறங்குகிறார். மற்ற இரண்டு திருகுகளையும் பொறுக்கி மாட்டிவிட்டு, பூட்டுக்காரரும் படியிறங்குகிறார். அவள் அறுந்த நூலை ஊசியில் கோக்கப் பார்க்கிறாள். மூன்று முறை முயன்றும் நூல் நுழையவில்லை.