கடைவாய்ப் பல்லில் லத்தீன்

பல் டாக்டரம்மா, நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரின் கடைவாய்ப் பல்லை, பல் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் தட்டிக்கொண்டிருந்தார். ஓங்கி ஒன்று, மெல்ல இரண்டு.

“என்ன மேடம், கச்சேரியா?” என்றாள் நர்ஸ்.

“லத்தீன் புராணக் கவிதைம்மா. நாளைக்கு மாலைக் கல்லூரியில பரீட்சை. அடிக்கு ஆறு சீர். நெடிலுக்கு ஓங்கித் தட்டணும், குறிலுக்கு மெல்ல. ரெண்டு தடவை எழுதி ஊத்திக்கிச்சு. பேப்பர் திருத்துற ஆளுக்கு ஈவிரக்கமே கிடையாது.”

“ஆ! ஆ!” என்று அலறினார் நாற்காலிக்காரர்.

“வலிக்குதாம் மேடம்.”

வாயிலிருந்த பஞ்சை எடுத்ததும் அவர் சீறினார். “வலியெல்லாம் இல்ல! அஞ்சாவது சீர்ல ரெண்டு நெடில் தட்டுறீங்க. இதுக்குத்தான் ரெண்டு தடவையும் உங்களை ஃபெயிலாக்கினேன்!”

நர்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மா அசரவே இல்லை.

“தெரியும் சார். அதான் மரத்துப்போற ஊசியை இன்னும் போடல” என்றபடி பல் துளைக்கும் மிஷினை முடுக்கினார். “இப்போ சொல்லுங்க. அஞ்சாவது சீர்ல ரெண்டு நெடில் வரலாமா, கூடாதா?”

மிஷின் உறுமிக்கொண்டே வாயை நெருங்கியது.

“வரலாம்மா, தாராளமா வரலாம்! ஆறு சீர்லயும் வரலாம்!”