நேர் எதிர்க்கரை

பூங்கோதைக்கு மூன்றாவது தடவையும் சைன் தீட்டா ஒன்றேகால் என்றே வந்தது. சைன் ஒன்றைத் தாண்டாது. அப்படியொரு கோணமே கிடையாது.

"படகை எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லும்மா," என்றார் வினாத்தாளிலிருந்த படகோட்டி. "நேர் எதிர்க்கரைக்குப் போகணும். அவ காத்துக்கிட்டிருக்கா."

"உங்க படகு வேகம் நாலு, தண்ணி வேகம் அஞ்சு. நான் என்னதான் பண்றது?"

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

தேர்வு முடியும் மணி அடித்தது. அவள் எரிச்சலில் விடைத்தாளில் தண்ணீரின் வேகமான ஐந்தை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள். "தண்ணிக்கு எதிர்ப்பக்கமா நாப்பத்தொன்பது டிகிரி. கிளம்புங்க."

படகோட்டி கும்பிட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். எதிர்க்கரையில் காத்திருந்தவள் வழக்கம்போலச் சலிப்போடு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் ஓடும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.