நாளைக் காலை வரை மரத்த கை

ஜன்னல் திரையின் இடுக்கில் நுழைந்த மத்தியான வெயில், தச்சரின் வலது கையைத் தாங்கும் தலையணைமேல் விழுகிறது. முழங்கை எலும்புக்குத் தகடு வைத்துப் போட்ட கட்டு மணிக்கட்டு வரை வந்திருக்கிறது; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள் யாருடையவோ போலக் கிடக்கின்றன. மயக்க மருத்துவர் ஒரு விரலைக் கிள்ளிப் பார்க்கிறார். அசைவில்லை. "மரப்பு ஊசியோட இன்னொரு மருந்தும் துளி சேர்த்திருக்கேம்மா. நாளைக் காலை வரைக்கும் வலி தெரியாது. அதுவரைக்கும் இந்தக் கை உங்க பொறுப்பு," என்று தச்சரின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். வலிக்குப் பயந்து மூன்று நாள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட மனுஷர் இப்போது சுகமாகக் கண்ணயர்கிறார். அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, சரியப் பார்க்கும் கையை நகர்த்தி வைக்கிறாள். பட்டறையில் அவர் இழைக்கும் பலகைகளுக்கெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவள் அவள்தான். தூக்கக் கலக்கத்தில், கண் திறக்காமலே, அவர் இடது கையால் துழாவுகிறார். அகப்படுபவை அவருடைய மரத்த விரல்களே. ஒவ்வொன்றாகத் தடவுகிறார். "ஏம்மா, உன் விரலெல்லாம் இப்படிக் காய்ச்சுப் போயிருக்கே. நான் ஒரு நாளும் கேட்டதே இல்லியே." அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. 'அது உங்க கைங்க' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொள்கிறாள். இருபது வருஷமாக வராத விசாரிப்பு. வந்ததுதான் வந்தது, விலாசம் தப்பி வந்திருக்கிறது. அவர் பிடியிலிருந்து அந்த விரல்களை மெல்ல விடுவித்துத் தலையணையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையைக் கொடுக்கிறாள். அவர் தடவிக்கொண்டே இருக்கிறார். கை மாறியது அவருக்குத் தெரியவே இல்லை.