மூன்றாம் நாள் வெந்நீர்

துண்டு மிகச் சின்னது. அதை வைத்து எதை மறைப்பது என்று தெரியாமல் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கழற்றிய உடைகள் கூடையில் கிடந்தன.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம். பெண்களின் பேச்சு.

அந்த மலைக் கிராமத்துக்கு ஒரே குளியலிடம்தான். துணியோடு இறங்கக் கூடாது.

அன்றைக்கு மட்டும் பதினெட்டு கிலோமீட்டர் நடந்திருந்தாள். காட்டுக்குள் ஏறி இறங்கும் கற்பாதை. ஜப்பானில் போய் நடக்கலாம் என்றது கணவர் ரத்தினவேல்தான். நடக்கச் சொன்ன டாக்டர் மதுரையைத்தான் மனதில் வைத்திருப்பார் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

கட்டைவிரலில் கொப்புளம். தொடைகள் யாருடையவோபோல் இருந்தன.

வெட்கப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

கதவைத் தள்ளினாள்.

நாலைந்து பெண்கள். குட்டை முக்காலிகளில் அமர்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அக்குளிலிருந்து நடு நெஞ்சுவரை ஒரு தழும்பு. இடது மார்பு இருந்த இடம். இரண்டு வருடமாக டாக்டரும் நர்ஸும் தவிர யாரும் பார்த்ததில்லை.

முதுகு தேய்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். இடது கை பாதிக்குமேல் ஏறாது. துண்டு நழுவி விழுந்தது.

யாரோ எடுத்தார்கள்.

விடுதிக்காரரின் மனைவி ஹிசாயோ. கொஞ்ச நேரம் முன்புதான் வாசலில் வந்து தேநீர் கொடுத்தவள். அவள் பார்வை தழும்பின் மேல் விழுந்தது. பதறவில்லை. விலகவும் இல்லை.

“ஓட்சுகாரேசமா” என்றாள்.

மூன்று நாளாக ஒவ்வொரு விடுதி வாசலிலும் சொல்கிற வார்த்தை. நிறையப் பாடுபட்டுவிட்டீர்கள், களைத்திருப்பீர்கள் என்று அர்த்தம்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுப் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். முள்ளங்கியில் ஒட்டிய மண்ணைக் கழுவுவதுபோல, அழுத்தி, அவசரமில்லாமல்.

அழுகை வரும் என்று இவள் காத்திருந்தாள்.

கொட்டாவிதான் வந்தது.

ஹிசாயோ துண்டை அலசி அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். வெயிலில் காய்ந்த முதுகு. இவள் தேய்த்துவிட்டாள்.

இருவரும் வெந்நீரில் கழுத்துவரை இறங்கினார்கள்.

அறைக்குத் திரும்பியபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ரத்தினவேல் பாயில் படுத்து இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்ல சூடு.”

பையிலிருந்து அவள் நைட்டியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. அவள் உடை மாற்றும்போது அவர் வெளியே போய் நின்றுகொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

“எங்க போறீங்க?”

அவர் கதவில் கை வைத்தபடி நின்றார்.

“கால் வலியோட எதுக்கு? உக்காருங்க.”

உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“திரும்பிக்கவா?”

அவள் விடுதியில் கொடுத்திருந்த அங்கியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் பார்த்தே நின்றாள்.