மூன்றாவது டிக்கெட்

"எல்லாரும் பெல்ட்டு போட்டாச்சா? பிளேன் கிளம்பப் போவுது!"

உள்ளறையிலிருந்து மருமகள் சாதிகாவின் குரல். கூடவே பேரன் தமீமும் பேத்தி ஷமீனாவும் கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பரக்கத்துல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? ஒரே மகன் அல்தாப் குவைத் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஈரலில் புற்று, முற்றிவிட்டது. ஊருக்கு அனுப்பினால் உடம்பு தாங்காது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த லட்சணத்தில் வீட்டில் பிளேன் விளையாட்டு!

அல்தாப்போடு ஒரே ரூமில் தங்கியிருந்த பையன்கள் நல்லவர்கள். தங்களுக்குள் பணம் போட்டு மூன்று டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். யார் யார் வருகிறீர்கள், பெயர் அனுப்புங்கள் என்று சாதிகாவிடம் கேட்டார்கள்.

அன்றைக்கே பரக்கத்துல்லா பீரோவைத் திறந்து, ஹஜ்ஜுக்கென்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டை எல்லார் கண்ணிலும் படும்படி டி.வி. பக்கத்தில் வைத்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. பெற்றவன் இதைக் கேட்டா வாங்க வேண்டும்?

சாதிகா அனுப்பியது தன் பெயரையும் இரண்டு குழந்தைகளின் பெயரையும்தான். கையில் பாஸ்போர்ட்டோடு ஒரு மனுஷன் வீட்டிலேயே இருக்க, இரண்டு வாண்டுகளுக்கும் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் எடுக்கக் கடலூருக்கு அலைந்தாள்.

நாலாவது டிக்கெட் எடுக்க அவரிடம் வழி ஏது? விருத்தாசலம் கடைத்தெருவில் இருபத்தைந்து வருஷம் நடத்திய பீங்கான் கடையைப் போன மாசமே விற்று, மகன் வைத்தியத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

கடையை வாங்கிய சக்கரபாணிகூட நேற்று கேட்டுவிட்டார். "என்ன பாய், நீங்க போவலையா? சின்னப் புள்ளைங்களா போவுது?"

தொழுகைக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டார்.

நாளைக் காலையில் ரயில். திருச்சியில் பிளேன். அதோடு சரி. மகன் முகத்தை இந்தத் துனியாவில் இனிப் பார்க்கப் போவதில்லை.

உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது.

"காது அடைச்சா?"

"மிட்டாய் சப்பணும்!"

"பிளேன் குலுங்கினா?"

"அழுவக் கூடாது!"

"எறங்கினதும்?"

"அத்தாவைப் பார்க்கணும்!"

"பார்த்ததும்?"

"ஸலாம் சொல்லி, முத்தம் குடுக்கணும்!"

அதற்கு மேல் பரக்கத்துல்லாவால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பிள்ளைகள் இரண்டும் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தன. எதிரே சிரித்த முகமாய்ச் சாதிகா.

"நிறுத்தும்மா இந்தக் கூத்தை!"

பிள்ளைகள் மிரண்டுபோய் வாயை மூடிக்கொண்டன.

"இல்ல மாமா... போற எடத்துல புள்ளைங்க பயந்துடக் கூடாதுன்னுதான்..."

"எம் மவன் அங்க சாவக் கெடக்குறான். ஒனக்கு இங்க சிரிப்பு வருதா?"

சாதிகா தலையைக் குனிந்துகொண்டாள். தமீமின் முடிச்சை அவிழ்த்தாள், ஷமீனாவுடையதையும் அவிழ்த்தாள். "வெளிய போயி வெளையாடுங்க" என்று இரண்டு பேரையும் அனுப்பினாள்.

"நாலு வயசும்மா ஷமீனாவுக்கு. அத்தா மொவமே அவளுக்குச் சரியாத் தெரியாது. நல்லூர்ல உங்கம்மா வூட்ல அவள வுட்டுட்டு, எம் பேரைப் போட்டிருக்கக் கூடாதா? தோள்ல தூக்கிப்போட்டு வளத்தவன் நானு. அவன் கையை ஒரு தடவ, ஒரே ஒரு தடவ புடிச்சிட்டு வந்துடுவேன். அது ஒனக்குப் பொறுக்கலையா?"

கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டார். மருமகள் முன்னால் அழுகிறோமே என்கிற கூச்சம்கூட இல்லாமல் அழுதார்.

"யாரு போறதுன்னு முடிவு பண்ணது நான் இல்ல மாமா" என்றாள் சாதிகா மெதுவாக.

"பின்ன யாரு?"

"அவருதான்."

 பரக்கத்துல்லா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் மருமகளைக் கரித்துக்கொட்டியதே மேல் என்று தோன்றியது. பெற்ற பிள்ளையே வேண்டாம் என்றா சொன்னான்?

"என்ன வர வேணாம்னு அல்தாப்பா சொன்னான்? நான் என்னம்மா பண்ணேன் அவனுக்கு?"

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு மாமா. கேக்காதீங்க."

"சொல்லும்மா. அந்தப் புள்ளைங்க போயிப் பார்த்து என்ன ஆவப் போவுது? ஒரு வருஷம் போனா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. மறந்துடும்!"

சாதிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

"அதையேதான் மாமா அவரும் சொன்னாரு. 'நான் கெடக்குற கோலத்தைப் பார்த்தா புள்ளைங்க மறந்துடும் சாதிகா... எங்க அத்தா மறக்க மாட்டாரு'ன்னு."