மர்கரீத் எடுத்து வைத்த வெடிமருந்து

தொலைவில் நிற்கும் மானை வீழ்த்துவதற்காக, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துத் தம் கையாலேயே தோட்டா செய்துவந்தவர் லூர்துசாமி. "இன்னும் ஒண்ணு ரொப்பினாலும் நான் மக வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி மர்கரீத் சொன்னதால், 1986 இலையுதிர்காலத்தில் துப்பாக்கியை விற்றார். செய்துவைத்த இருபது தோட்டாக்களும் தராசும் வெடிமருந்து டப்பாவும் மட்டும் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவிலிருந்த வீட்டின் அலமாரியில் தங்கின.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து இருவரும் திரும்பும்போது, அவற்றுள் ஒன்று சுடப்பட்டு வெற்றுக்கூடாகக் கிடந்தது. பித்தளையில் சூடு இருந்தது. பூட்டு உடையவில்லை, சுவரில் துளையில்லை. சொந்த ஊர்ப் போருக்குத் தப்பி வந்து மேல்மாடியில் குடியிருந்த நாகேஸ்வரியிடம் லூர்துசாமி விசாரித்தார்.

"இல்லை அண்ணை, வெடிச்சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. அங்கை கேட்டதே போதும்."

அறிவையே நம்பிய மனிதர் அவர். காரணம் தேடித் தேடிக் களைத்தார்.

இருபதாம் ஞாயிறு கடைசித் தோட்டாவும் தீர்ந்தது. "இதோட விட்டது" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

மர்கரீத் மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை. இருபது கூடுகளையும் மேசையில் நிறுத்தி, வெடிமருந்து டப்பாவை அவர் முன் வைத்தார்.

"ரொப்புங்க."

"நீதானே வேணாம்னே?"

"காலியா இருந்தா அது வேற எதையாச்சும் தேடும்."

அவர் தராசை எடுத்தார். மர்கரீத் பஞ்சைக் கிள்ளி, முதலில் அவர் காதுகளிலும் பிறகு தம் காதுகளிலும் அடைத்தார்.