பெட்டியில் விழுந்த கறுப்புக் கோலி

ஓஹியோவில் ஒரு கல்லூரி. அங்கே ஐம்பது வருடங்களுக்கு முன் இழுத்து மூடப்பட்ட மாணவர் சகோதர சங்கத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார் வெண்டல். அதன் கடைசித் தலைவர் அவர்தான்.

"மூடுனதுக்குக் காரணம் நான்தான்டா, எழுதிக்கோ," என்றார் பழைய தோழர் மெர்ல். "அந்த வருஷம் சேர வந்தவன் ஒரே ஒருத்தன். அவனும் இல்லேன்னா மூடிடணும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. ஓட்டுப் பெட்டியில எல்லாரும் வெள்ளைக் கோலி போட்டாத்தான் ஆளைச் சேர்க்க முடியும். நான் கறுப்பைப் போட்டுட்டேன்."

"ஏன்டா?"

"தினமும் காலைல ஆறு மணிக்குப் பச்சைத் தண்ணியில குளிச்சு, நின்னு சங்கப் பாட்டுப் பாடணுமே! தாங்கல. ஆனா அம்பது வருஷமா நிம்மதியே இல்லடா. என்னை மன்னிச்சுடு."

வெண்டல் பேனாவை மூடினார்.

"பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். நாம ஏழு பேரு. உள்ள கிடந்தது ஏழும் கறுப்பு."

மெர்ல் எழுந்தே விட்டார்.

"உன்னோடதுமா? பாவி! அப்புறம் எதுக்குடா வருஷா வருஷம் கூடி, அந்தப் பாட்டைப் பாடி அழுறோம்?"

"முதல் வருஷம் நீதானே அழ ஆரம்பிச்சே! நாங்க மட்டும் எப்படிடா சும்மா நிக்கிறது?"